ராணி என்ன நினைத்திருப்பாள்

நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வாள்வீராங்கனை கோட்டைக் கதவின் மேல் கையை வைத்தாள். ஐம்பத்தோராம் பக்கத்தில்தான் கதவு திறந்தது. இடையில் நான்கு பக்கங்கள் முழுக்க அவள் நின்ற இடத்திலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரன் புத்தகத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "கதவுல சென்சார் போயிருக்கும்" என்று காலி வீட்டைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். காலை மணி பதினொன்று. மனைவி மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்துக்கு. வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. இருபது வருஷ வேலையில், வார நாள் ஒன்றின் பகல் வெளிச்சத்தில் சொந்த வீடு எப்படி இருக்கும் என்று இந்த ஒரு வாரமாகத்தான் அவனுக்குத் தெரிய வந்திருந்தது. பதினொன்றரைக்கு எதிர்வீட்டு மாடியில் ஒருவர் வந்து நின்று தும்முவார். அவ்வளவுதான் நடக்கும்.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவன் லிஃப்ட்காரன்தான், பெயர் சொன்னால் யாரென்று கேட்பார்கள். கம்பெனியில் அவனுக்கு நல்ல பேர். கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். லிஃப்ட் மேலே போய்க் கீழே வரும் சத்தத்திலேயே, எந்த மாடியில் தண்டவாளம் உரசுகிறது, எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு வியாழக்கிழமை காலையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இரும்பு ஏணியின் கடைசிப் படிக்கு மேல் படியில் எண்ணெயை மிதித்து விழுந்துவிட்டான். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. தலையும் சுவரில் மோதியதால் கொஞ்ச நேரம் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள், காலை அறுத்துத் தகடு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் அவனை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்னாலேயே ஏறி வந்த அவன் மனைவி, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் "இரண்டாம் தளம், இடது பக்கம் ஒதுங்கி நிற்கவும்" என்று லிஃப்டில் வரும் குரலில் அறிவித்துக்கொண்டே வந்தாள். தூக்கியவர்களுக்குச் சிரிப்பில் பிடி நழுவியது.

அவளுக்கு அவன் வைத்த பேர் ரேடியோ. காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் படுக்கிறவரை நிலையம் மூடாது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி மெஷினில் தேய்த்துப் பொருத்த வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சாயங்காலம் அவள் வாயில் ஏறி இந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கோபக்காரியாகத் தெரியாத சட்டம் வேண்டும் என்று கேட்ட டீச்சர், கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைத் தேடிய வக்கீல், எல்லோரையும் அவனுக்குத் தெரியும். தன் மனைவியைப் பற்றி யாராவது கேட்டால், "அவ மனசுல ஒண்ணும் நிக்காதுங்க, எல்லாம் வாய் வழியா வந்துடும்" என்று பெருமையாகவே சொல்வான். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று அவன் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கத் தேவையே இருந்ததில்லை.

அவன் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். பாப்பாவுக்குப் பதினாறு வயது. போன வருஷம் வரை அம்மாவுக்குத் துணை நிலையமாக ஓடிக்கொண்டிருந்தவள், இந்த வருஷம் திடீரென்று வாயைக் கட்டிவிட்டாள். வருவாள், சாப்பிடுவாள், "ம்" என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். விபத்துக்குப் பிறகு அந்த "ம்" இன்னும் சின்னதாகிவிட்டதாக அவனுக்குப் பட்டது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். வெளியே நின்று சத்தத்தைக் கேட்டு உள்ளே இருக்கும் பழுதைச் சொல்கிறவனுக்கு, சொந்த மகளின் மூடிய கதவுக்கு வெளியே நின்றபோது ஒன்றுமே கேட்கவில்லை. அது அவனைத் தின்றது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள், பொழுது போகாமல், ஊன்றுகோலோடு அவள் அறைக்குள் போய் அலமாரியில் இருந்த தடித்தடிப் புத்தகங்களில் ஒன்றை உருவினான். அட்டையில் பறக்கும் பல்லி மாதிரி ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தான்.

இருபதாம் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கூட்டல் குறி இருந்தது. எறும்பு அளவுதான். அதற்கு நேராக இருந்த வரியைப் படித்தான். "எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். பயமாக இருக்கிறதா என்று ஒருவராவது ஒருமுறை கேட்டிருக்கலாம்." அதை இன்னொரு தடவை படித்தான். புத்தகம் முழுக்கப் புரட்டினான். அங்கங்கே அதே குறி. வேறு புத்தகத்தை எடுத்தான், அதிலும் இருந்தது. பாப்பா வாயால் சொல்லாததையெல்லாம் இங்கே குறித்து வைத்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. குறியை மட்டும் பார்த்துப் போனால் தலையும் புரியாது வாலும் புரியாது என்று முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் படித்தவனில்லை.

மூன்று வாரத்தில் மூன்று எழுத்தாளர்கள் ஆனார்கள். மூன்று பேரும் மந்திரவாதி, மாளிகை, டிராகன் என்று ஒரே சாமானை வைத்துத்தான் கடை போட்டிருந்தார்கள். ஆனால் ஆட்களின் மனசுக்குள் போகிற வழி ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தது. வாள்வீராங்கனையை எழுதியவர் எதையும் மிச்சம் வைக்க மாட்டார். அவள் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால்கூட, குடிக்கும் முன் என்ன நினைத்தாள், குடித்த பின் அப்படி நினைத்ததற்காக ஏன் வெட்கப்பட்டாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். முதல் வாரம் அவனுக்கு எரிச்சலாக வந்தது. எதிரி படை மலை மேல் ஏறிவிட்டது, இவள் இன்னும் பத்து வயதில் அண்ணன் திட்டியதை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது வாரம் பார்த்தால், அந்த அண்ணன் மேல் இவனுக்கே கோபம் வந்திருந்தது. இவ்வளவு தூரம் மனசு தெரிந்த ஒரு ஆளை அவன் நிஜ வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை.

இரண்டாவது எழுத்தாளர் நேர் எதிர். அவர் கதையில் ஒரு ராணி. போருக்குப் போன ராஜா திரும்பவில்லை என்று செய்தி வருகிறது. அழுதாள், துடித்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. ராணி மாளிகை ஜன்னல்களையெல்லாம் கழுவச் சொல்கிறாள். குதிரைகளுக்குப் புல் வந்ததா என்று கேட்கிறாள். எல்லோரும் போன பிறகு ஒரு நாற்காலியை அவளே இழுத்து ஜன்னல் பக்கம் போட்டு உட்காருகிறாள். "விளக்கு அணைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை." அத்தோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. லிஃப்ட்காரன் பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். கிழியவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு நேரே ஒன்றல்ல, இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஆஸ்பத்திரி டோக்கன், தேதி அவன் விழுந்த அந்த வியாழக்கிழமை. அவனை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தபோது பாப்பா வெளியே உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறாள். அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. தட்டை மூடியபடியே வைத்துவிட்டான்.

மூன்றாவது எழுத்தாளரின் நாட்டில் ஒரு விநோதம். யார் எதை மனசுக்குள் மறைத்தாலும், அவர்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு அறை கூடிவிடும். கணவன் மனைவி கொஞ்சம் அதிகமாக மறைத்துவிட்டால் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர அரைநாள் நடக்க வேண்டியதுதான். இவ்வளவு அறை இருந்தால் கண்டிப்பாக இரண்டு லிஃப்டாவது வேண்டும், வருஷத்துக்கு நாலு தடவை பராமரிப்பு வேண்டும் என்று அவன் தொழில் புத்தி கணக்குப் போட்டது. ஆனால் அதில் ஒரு படகுக்காரன் மனைவி வருவாள். ஒரு நாள் காலையில் புதிதாக முளைத்த அறைக்குள் போய்ப் பார்ப்பாள். அவள் அளவுக்கு ஒரே ஒரு நாற்காலி மட்டும் இருக்கும். அவள் உட்காருவாள். "யாரும் தேடி வரவில்லை" என்று அந்தப் பத்தி முடியும். அங்கேயும் எறும்பு அளவுக் குறி. பதினாறு வயதுப் பெண் இதையெல்லாம் ஏன் குறித்துவைக்கிறாள் என்று திரும்பத் திரும்ப யோசித்தான்.

அதனால் அவன் களத்தில் இறங்கினான். பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எதிரே போய் நிற்பான். தண்ணீர் வேணுமா என்பான். படிப்பு கஷ்டமாக இருக்கிறதா என்பான். ஒரு நாள் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கதான் இருக்கேன், சும்மா" என்றான். அவள் வெளியே வர முடியாமல் கால்மணி நேரம் உள்ளேயே நின்றாள். மறுநாள் சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டான்.

"பாப்பா, உனக்குப் பயமா இருக்கா?"

அவள் பையைக் கழற்றாமலே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?"

"விளையாடாத. எல்லாம் எனக்குத் தெரியும். நீ குறிச்சு வெச்சதெல்லாம் பார்த்தேன். அப்பாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"என்ன குறிச்சேன்?"

அவன் மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்து ராணியின் பக்கத்தைக் காட்டினான். பாப்பா குனிந்து பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பை இந்த வருஷம் முழுக்க அவன் கேட்டிருக்கவில்லை.

"ஐயோ அப்பா, இது நான் போட்டது இல்ல. அம்மா போட்டது. லென்ஸ்ல நடு எங்கன்னு பார்த்து ஒரு பிளஸ் போடுவாங்கல்ல, அதே கைப் பழக்கம். இந்தப் புத்தகமெல்லாமே அம்மாவோடதுதான், பஸ்ல படிக்கிறது. அவங்க அலமாரில இடம் இல்லன்னு என் ரூம்ல வெச்சிருக்காங்க."

"நீ படிக்கலையா?"

"படிப்பேன், டிராகன் எப்ப வருதுன்னு பார்ப்பேன். யோசிக்கிற பக்கமெல்லாம் தள்ளிடுவேன்."

"அப்ப இந்த டோக்கன்? நீ அன்னிக்கு ஆஸ்பத்திரியில..."

"எனக்கு அன்னிக்கு பிராக்டிகல்ஸ். சித்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள்தானே வந்தேன், மறந்துட்டீங்களா? அன்னிக்கு அம்மா மட்டும்தான் இருந்தாங்க." அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "நான் பேசாம இருக்கறது வேற எதுக்குமில்லப்பா. எனக்குப் பல்லு கோணலா இருக்கு. பேசினா எல்லாரும் அதையே பார்க்கறாங்க. கிளிப் போட்டுவிடுங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன், உங்க கால் சரியாகட்டும்னாங்க."

அவள் பல்லைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அடுத்த வாரமே பல் டாக்டரிடம் போவது என்று முடிவானது. அவளும் சந்தோஷமாக உள்ளே போனாள், கதவைக்கூடச் சாத்தவில்லை. லிஃப்ட்காரனுக்கு மகளைப் பற்றிய பாரம் அந்தப் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஆனால் இறங்கிய பாரம் வெளியே போகாமல் கூடத்திலேயே வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தைரியசாலி என்று எல்லோரும் சொல்கிற பெண், ஜன்னல் ஓரத்து ராணி, ஒற்றை நாற்காலிக்காரி, எல்லோரும் இப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவள் பஸ்ஸில் ஏதோ படிக்கிறாள் என்று தெரியும், என்ன என்று கேட்டதில்லை. பேசாதவர்களுக்குள்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்துவிட்டான். இவ்வளவு பேசுகிறவள் எதை விட்டுவிட்டுப் பேசுகிறாள் என்று அவன் காதைக் கொடுத்ததே இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் ஆசையாகவும் இருந்தது, புதிதாகக் கல்யாணமானவன் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே நிலையம் ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தானாம், பெண் பார்க்கப் போகிறானாம், பெண்ணுக்குத் தன் கண் பவர் தெரியக்கூடாது, ஆனால் தனக்குப் பெண் தெரிய வேண்டும், அந்த மாதிரி கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டானாம். அவன் சிரித்தான். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்காரும்வரை பொறுத்துக்கொண்டிருந்தான்.

"உன் ராணி புத்தகத்தைப் படிச்சேன்" என்றான்.

"எந்த ராணி?"

"ஜன்னல் கழுவச் சொல்ற ராணி."

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது பாப்பா புத்தகமாச்சே" என்றாள்.

"பாப்பா சொல்லிட்டா. கூட்டல் குறியெல்லாம் உன்னுதாமே."

திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல அவள் முகம் சிவந்தது. சட்டென்று எழுந்து போகப் பார்த்தாள். அவன் அவசரமாக, "மத்த ரெண்டும்கூடப் படிச்சுட்டேன்" என்றான். "கதவுக்காரி, அப்புறம் அந்த அறை கூடிக்கிட்டே போற வீடு. மூணு பேர்ல உனக்கு யாரைப் பிடிக்கும்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தாள். "நிஜமாவே படிச்சீங்களா? முழுசா?"

"வேற என்ன வேலை எனக்கு. சொல்லு."

"ராணியை எழுதினவங்களைத்தான்" என்றாள் கொஞ்சம் யோசித்து.

"நீ நாள் முழுக்கப் பேசற ஆளு. அந்த எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரு. உனக்கு எப்படி ஒத்துப்போகுது?"

"அதனாலதாங்க. கதவுக்காரி எல்லாத்தையும் அவளே சொல்லி முடிச்சுடறா, எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கறதில்ல. இவங்க நாற்காலிய மட்டும் போட்டுட்டுப் போயிடறாங்க. யார் வேணா போய் உட்காரலாம்." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அறை வீடும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல கடைசியில எல்லாரும் எல்லா அறையையும் கண்டுபிடிச்சுடறாங்க. அது கதைக்குச் சரி. உங்களுக்கு?"

"எனக்கு கதவுக்காரிதான்."

"அந்த நாலு பக்கம் நிக்கறவளா! படிச்சுட்டுத் திட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"திட்டினேன்தான். ஆனா அவ சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே பாப்பா யாருடனோ போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் வந்தது. லிஃப்ட்காரன் புத்தகத்தை எடுத்து டோக்கன் இருந்த பக்கத்தை விரித்து, இருவருக்கும் நடுவே வைத்தான்.

"இந்த ராணி இங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன நினைச்சிருப்பா?"

"என்ன நினைப்பா. நாள் பூரா நின்னு கால் வலிக்குதுன்னு நினைச்சிருப்பா" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. வேலையில் அவன் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. முதல் தடவை கேட்கும் சத்தத்தை நம்பி உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது, லிஃப்டை இரண்டு மூன்று தடவை சும்மா போய்வர விட வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் துண்டை விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஷூவ எங்க வைக்கறதுன்னு நினைச்சிருப்பா" என்றாள்.

"யார் ஷூ?"

"உங்க ஷூதான். ஆபரேஷன் ரூமுக்குள்ள இருந்து ஒரு பொண்ணு வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டுச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். உள்ள உங்க ஷூ. வலதுல லேஸை கத்திரியால வெட்டியிருந்தாங்க. போன்ல என்கிட்ட குழியில விழுந்துட்டாருன்னு மட்டும்தான் சொன்னாங்க, எவ்வளவு ஆழம்னுகூட சொல்லல. ஸ்கேன் என்னாச்சுன்னும் அப்ப யாரும் சொல்லல. நான் அந்தக் கவரோட நிக்கறேன். கீழ வெச்சா யாராவது மிதிப்பாங்க. பக்கத்து சீட்ல வைக்கலாம்னு போனேன், வெறும் ஷூவ மட்டும் எப்படிங்க பக்கத்து சீட்ல உட்கார வைக்கறது? மடியிலயே வெச்சுக்கிட்டேன். நாலு மணி நேரம். உங்க மேனேஜர் வந்தாரு, என்னைப் பார்த்து நீங்க ரொம்ப தைரியமானவங்கன்னாரு. அவருக்கு ஒரு ஜோக் சொன்னேன். அவரும் சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

ஒரே மூச்சில்தான் சொன்னாள், எப்போதும் பேசுகிற அதே வேகத்தில். மாப்பிள்ளைப் பையனைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் குரலில் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை வருஷமும் இப்படித்தான் இவன் காதைத் தாண்டிப் போயிருக்கும் போலிருக்கிறது.

"இப்ப எங்க இருக்கு அது?" என்று கேட்டான்.

அவள் எழுந்து உள்ளே போனாள். வாசலில் இருக்கும் செருப்பு அலமாரிக்குப் போகவில்லை, படுக்கையறைக்குப் போனாள். அவளுடைய துணி பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அவனுடைய வேலை ஷூக்கள் இருந்தன. தோலில் எண்ணெய்க் கறை இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். வலது ஷூவில் புதுக் கறுப்பு லேஸ். மூன்று ஓட்டைகள் வரை கோத்திருந்தது. மீதி லேஸ் இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாதியில விட்டுட்ட" என்றான்.

"ம்." அவள் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். "முழுசா கோத்துட்டா நீங்க போட்டுக்கிட்டு கிளம்பிடுவீங்க. அந்தக் குழிக்குள்ள இறங்குவீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

சொல்லிவிட்டு ஒரு ஜோக்குக்காக அவள் தேடியது அவனுக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவன் குனிந்து அவள் தலையில் கைவைத்தான். கண்ணாடிக் கடையின் தூள் முடியில் ஒட்டியிருந்தது.

"எனக்கும்தான்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் படியில கால் வைக்கும்போதே வழுக்கும்னு தெரிஞ்சுது" என்றான். "தெரிஞ்சும் வெச்சேன். இருபது வருஷமா வைக்கற கால், அதுக்கு ஒரு திமிர். விழும்போது மேல பார்த்தேன். எட்டு மாடி உயரத்துல லிஃப்ட் நின்னுக்கிட்டிருந்தது, அடிப்பக்கம் மட்டும் தெரிஞ்சுது. நானேதான் அதை மேல அனுப்பிட்டு ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு வந்தேன். ஆனா அந்த நிமிஷத்துல ஆஃப் பண்ணினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் வரல. வலி அப்புறம்தான். முதல்ல அதுதான்..."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. நிறுத்தத் தெரியாமல் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனான். கம்பெனியில், குழிக்குள் இறங்காமல் மேலே மோட்டார் அறை வேலை மட்டும் கேட்டுப் பார்க்கலாமா என்று மூன்று வாரமாக மனசுக்குள் ஓடுவதைச் சொன்னான். அப்படிக் கேட்டால் பயந்துவிட்டான் என்று பசங்கள் சொல்வார்களே என்பதைச் சொன்னான். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்ததையும் சொன்னான். உள்ளே பாப்பாவின் போன் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோ ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஷூவை மடியில் நிமிர்த்தி, லேஸின் கறுப்பு நுனியை நான்காவது ஓட்டைக்கு நேராகப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே விடவும் இல்லை, கீழே போடவும் இல்லை.